மரபணுவுக்கு எத்தனை பெயர்?

மருத்துவ நூலகர்களுக்கு மூலக்கூறு உயிரியல் தரவுத்தளங்களில் தேடக் கற்றுத்தருகிறீர்களா? முதல் வகுப்பை மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் தொடங்காதீர்கள். அமெரிக்க உயிரித்தொழில்நுட்பத் தகவல் மையமான என்சிபிஐயின் 'ஜீன்' என்ற மரபணுத் தரவுத்தளத்தில் தொடங்குங்கள்.

காரணம் பெயர்க் குழப்பம்தான். மார்பகப் புற்றுநோய் மருத்துவர் 'ஹெர்2' என்று கேட்பார். அந்த மரபணுவின் அதிகாரபூர்வக் குறியீடோ 'இஆர்பிபி2'. பழைய கட்டுரைகளில் 'நியூ' என்றும் இருக்கும். ஒன்றை மட்டும் தட்டினால் மற்றவை நழுவிவிடும். 'கேட்' (CAT) இன்னும் வேடிக்கை. கேட்டலேஸ் நொதிக்கான மரபணுவின் குறியீடு அது. பப்மெட்டில் அப்படியே இட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: பூனைகளும், 'கேட் ஸ்கேன்' என்றும் அழைக்கப்படும் சிடி ஸ்கேனும் வந்து குவியும். வகுப்பு சிரித்து முடிப்பதற்குள் பாடம் புரிந்திருக்கும்.

ஜீன் பதிவில் மாற்றுப் பெயர்கள் ஒரே இடத்தில் கிடைக்கும். அவற்றை 'ஆர்' (OR, அல்லது) என்ற இணைப்புச் சொல்லால் கோத்து பப்மெட்டில் தேட வேண்டும். உயிரினத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். பி53 புரதத்தின் மரபணு மனிதரில் 'டிபி53', சுண்டெலியில் 'டிஆர்பி53'. இரண்டுக்கும் தனித்தனிப் பதிவுகள்.

பதிவு எண்ணையும் குறித்துவைக்கப் பழக்குங்கள் (மனித டிபி53-க்கு 7157). குறியீடுகள் மாறக்கூடியவை. எக்செல் தேதியாக மாற்றித் தொலைக்கிறது என்பதற்காகவே 'மார்ச்1' என்ற மரபணு 'மார்ச்எஃப்1' ஆனது!

பயிற்சிக்குப் பாடப்புத்தக உதாரணம் வேண்டாம். மருத்துவர்கள் உங்கள் நூலகத்தில் உண்மையில் கேட்ட ஒரு கேள்வியைக் கொடுத்து, மாற்றுப் பெயர்கள் இல்லாமல் ஒரு முறை, சேர்த்து ஒரு முறை தேடவைத்து, முடிவுகளை ஒப்பிடச் சொல்லுங்கள்.