தாமிரபரணி நீர்வரத்துக் கணிப்பு: இரு மாதிரிகளை ஒப்பிட்ட என் அனுபவம்

தாமிரபரணியின் அன்றாட நீரோட்டத்தை மழையளவிலிருந்து கணிக்க, நான்கே அளபுருக்கள் (ஆற்றுக்கேற்பப் பொருத்தும் எண்கள்) கொண்ட ஜிஆர்4ஜே (GR4J) என்ற கணக்கீட்டு மாதிரியையும், மண்ணையும் நிலப்பயன்பாட்டையும் கொண்டு மழையில் எவ்வளவு வழிந்தோடும் என்று மதிப்பிடும் வளைவு எண் முறையில், ஹெக்-எச்எம்எஸ் (HEC-HMS) என்ற மென்பொருளில் அமைத்த மாதிரியையும் ஒப்பிட்டபோது, மழையே பெய்யாத நாட்களில் ஆற்றில் ஓடிய நீரை இரண்டுமே விளக்கவில்லை. அளபுருக்களை எப்படி மாற்றியும் பயனில்லை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து பாசனத்துக்குத் திறக்கப்படும் நீர் கீழ்ப்பகுதி அளவீட்டில் கலந்திருந்ததே காரணம். ஆகவே பாபநாசம் அணைக்கு மேலுள்ள நீர்ப்பிடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, நீர் இருப்பின் அன்றாட மாற்றத்தோடு வெளியேற்றத்தையும் ஆவியாதலையும் கூட்டி, இயல்பான வரத்தைக் கணக்கிட்டேன். சேர்வலாறு அணை சுரங்கவழியே பாபநாசத்தோடு இணைந்திருப்பதால், இரண்டையும் ஒரே நீர்நிலையாகக் கொள்வது இங்கே மிகவும் அவசியம்.

அதன் பிறகே ஒப்பீடு பொருள் உள்ளதாயிற்று. கணிப்பு அளவீட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும், 1970இல் முன்வைக்கப்பட்ட நாஷ்–சட்கிளிஃப் குறியீடு பிழைகளை வர்க்கப்படுத்துவதால், வடகிழக்குப் பருவமழையின் வெள்ள நாட்களுக்கே அதிக எடை தருகிறது. எனவே ஓட்டம் குறைந்த நாட்களுக்கும் எடை கிடைக்க, நீரோட்டத்தின் வர்க்கமூலத்துக்கும் அதே குறியீட்டைக் கணக்கிட்டேன். அளபுருக்களைப் பொருத்திய ஆண்டுகளைத் தவிர்த்து, வேறு ஆண்டுகளில் சோதித்தேன். வெள்ள உச்சங்களில் இரண்டும் ஏறத்தாழ இணையாக நின்றன. கோடை ஓட்டத்தில், நிலத்தடி நீர்ப் பரிமாற்றத்துக்கென்றே ஓர் அளபுருவை வைத்திருக்கும் ஜிஆர்4ஜே தெளிவாக முந்தியது. பாசனத் திட்டமிடலுக்கு அதையே தேர்ந்தேன்.