விமான மாதிரிகளை முன்பதிவு செய்வது எப்படி: கடலோரச் சேகரிப்பாளருக்கு ஒரு வழிகாட்டி

உச்சிப்புளியில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால், ஐஎன்எஸ் பருந்து தளத்திலிருந்து எழும் கடற்படையின் டோர்னியர் விமானம் மன்னார் வளைகுடாவை நோக்கித் திரும்புவதைக் காணலாம். 2009 மார்ச்சில் அந்தத் தளம் இந்தத் தமிழ்ப் பெயரோடு தொடங்கி வைக்கப்பட்டது. அதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு, வானில் போவதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை விடுவதில்லை. எனக்கும் அப்படித்தான் டைகாஸ்ட் விமானங்களை, அதாவது உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த சிறு மாதிரிகளை, சேர்க்கும் பழக்கம் வந்தது. நல்ல மாதிரிகளைப் பெரும்பாலும் முன்பதிவு செய்தே வாங்க வேண்டியிருப்பதால், அதை ஏமாறாமல் செய்யும் முறையை இங்கே எழுதுகிறேன்.

ஜெமினி ஜெட்ஸ், ஜேசி விங்ஸ், ஹெர்பா, ஹாபி மாஸ்டர் போன்ற தயாரிப்பாளர்கள் ஒரு விமானத்தை ஒரு குறிப்பிட்ட வண்ணத்திலும் பதிவெண்ணிலும் ஒரே ஒரு தொகுதியாக வார்த்து, அது விற்றுத் தீர்ந்ததும் பெரும்பாலும் மறுபடி செய்வதில்லை. கடைக்காரர் எத்தனை வேண்டும் என்று முன்கூட்டியே தயாரிப்பாளரிடம் சொல்ல வேண்டியிருப்பதால் நம்மிடம் முன்பதிவு வாங்குகிறார். அறிவிப்பில் வரும் படம் பெரும்பாலும் கணினியில் வரைந்ததாகவோ, சோதனைக்காகச் செய்த முதல் மாதிரியின் படமாகவோ இருக்கும். ஆகவே முன்பதிவு என்பது பொருளை வாங்குவதாகாது, காத்திருக்க ஒப்புக்கொள்வதுதான். நம் கடற்கரையில் வள்ளம் கட்டக் கொடுப்பவர் மரம் எது, நீளம் எவ்வளவு, எப்போது கிடைக்கும், மீதிப் பணம் எப்போது என்பதையெல்லாம் பேசி முடித்த பிறகுதான் ஆசாரியிடம் முன்பணத்தை நீட்டுவார். அதே நிதானம் இதற்கும் வேண்டும்.

முதலில் அளவைத் தீர்மானியுங்கள். பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் 1:400 (உண்மையான நீளத்தில் நானூற்றில் ஒரு பங்கு), 1:200 அளவுகளிலும், போர் விமானங்கள் 1:72 அளவிலும் வருகின்றன. 70.66 மீட்டர் நீளமுள்ள போயிங் 747-400 விமானம், 1:400 அளவில் சுமார் 17.7 சென்டிமீட்டர், 1:200 அளவில் 35 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். தஞ்சாவூர்த் தளத்தில் உள்ள சுகோய்-30 ரகத்தை 1:72 அளவில் வைத்தால் நீளம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர், இறக்கைகளின் வீச்சு 20 சென்டிமீட்டர். காகிதத்தை இந்த அளவுக்கு வெட்டி அலமாரியில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள்.

அடுத்தது, எந்த மாதிரி என்பதை எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பது. ஏர் இந்தியா 2023 ஆகஸ்டில் புதிய வண்ணத்தை அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதன் முதல் ஏர்பஸ் ஏ350, விடி-ஜேஆர்ஏ என்ற பதிவெண்ணோடு டெல்லியில் வந்திறங்கியது. முதல் விமானம்தான் வேண்டும் என்பவர் அந்தப் பதிவெண்ணைக் கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் அதே வண்ணத்தில் வேறு பதிவெண்ணுள்ள மாதிரியும் வரக்கூடும். இறக்கை மடல்கள் (ஃப்ளாப்) இறங்கிய நிலையில் உள்ள வடிவத்தையும் சில தயாரிப்பாளர்கள் தனிப் பொருளாக விற்கிறார்கள். பொருள் எண்ணின் கடைசியில் ஜேசி விங்ஸ் ‘ஏ’ என்றும், ஜெமினி ஜெட்ஸ் ‘எஃப்’ என்றும் சேர்ப்பது அதற்காகத்தான். அந்த ஒரு எழுத்தைக் கவனிக்காமல் விட்டால், பல மாதம் காத்திருந்து வேறு விமானத்தைப் பெற்றுக்கொள்ள நேரிடும்.

கடையைத் தேர்ந்தெடுப்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. என் முதல் முன்பதிவில், முழு விலையையும் கட்டினால் தள்ளுபடி என்று சொன்ன ஒரு கடைக்கு முழுப் பணத்தையும் அனுப்பினேன். மூன்று மாதம் என்றது பதினான்கு மாதமாயிற்று. இடையில் விசாரித்தபோதெல்லாம் ‘தயாரிப்பாளர் தாமதம்’ என்ற ஒரே பதில்தான் வந்தது. கடைசியில் அந்த மாதிரியே கைவிடப்பட்டதாகச் சொல்லி, பணத்தைத் திருப்பித் தராமல், வேறு பொருள் வாங்கிக்கொள்ளும்படி கடன் சீட்டு கொடுத்தார்கள். விதிமுறையில் அப்படித்தான் எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. அன்று முதல் பணம் கட்டுவதற்கு முன்பு நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்துக்கொள்கிறேன். முன்பணம் எவ்வளவு, மீதியை எப்போது எடுப்பீர்கள்? அறிவித்த விலை மாறுமா? மாதிரி கைவிடப்பட்டால் பணமாகத் திரும்புமா? நானே விலகினால் எவ்வளவு பிடிப்பீர்கள்? தெளிவாகப் பதில் தராத கடையில் எவ்வளவு அரிய மாதிரி இருந்தாலும் வாங்க வேண்டாம். அதே நேர்மையை நாமும் காட்ட வேண்டும். ஒரே மாதிரியைப் பல கடைகளில் பதிந்துவிட்டு, முதலில் வருவதை எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுவது, நம் பெயரில் சரக்கெடுத்த சிறு கடைக்காரரை நட்டத்தில் தள்ளும்.

வெளிநாட்டுக் கடை என்றால் பொருளின் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. பொருள் விலை, அனுப்பும் கட்டணம், காப்பீடு ஆகிய மூன்றையும் கூட்டிய தொகையின் மேல் சுங்க வரி கணக்கிடப்படும். வரியும் சேர்ந்த தொகையின் மேல் ஜிஎஸ்டி வரும். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டதை அறிந்தவர்கள், அப்போது நடப்பில் உள்ள விகிதத்தைப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். கீழக்கரை, தொண்டிப் பக்கம் பல வீடுகளில் வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பவர் ஒருவராவது இருப்பார். ஊருக்கு வரும்போது எடுத்து வரச் சொல்லலாம். ஆனால் அது அவருடைய வரிவிலக்கு வரம்பில் சேரும் என்பதையும், அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை.

காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டியவை சிலவே. சீனப் புத்தாண்டை ஒட்டி, ஜனவரி, பிப்ரவரியில் அங்குள்ள தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடப்படுவதால் அந்த மாதங்களுக்குச் சொல்லப்படும் தேதியை நம்பாதீர்கள். மீதிப் பணம் எடுக்கப்படும்போது அட்டை காலாவதியாகியிருந்தாலோ, வெளிநாட்டுப் பரிவர்த்தனை நிறுத்தப்பட்டிருந்தாலோ பதிவு ரத்தாகலாம். முகவரியில் தெருப்பெயர் போதாது. பள்ளிவாசல், தேவாலயம், மீன் இறங்குதளம் என்று அருகிலுள்ள அடையாளம் ஒன்றையும் எப்போதும் எடுக்கும் கைபேசி எண்ணையும் எழுதுங்கள்.

பெட்டி வந்ததும் உடனே பிரித்துவிடாதீர்கள். வெளி அட்டையின் ஆறு பக்கங்களையும் படமெடுத்து, திறப்பதை நிறுத்தாமல் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். உள்ளே, இரண்டு பிளாஸ்டிக் ஓடுகளுக்கு நடுவே மெல்லிய தாள் சுற்றியபடி விமானம் கிடக்கும். வாலைப் பிடித்துத் தூக்காமல், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இரு விரல்களால் தாங்கி எடுத்து, உருப்பெருக்கியில் முதுகு வழியாகப் பாருங்கள். மயிரிழை போன்ற வானலைக்கம்பிகள்தான் முதலில் ஒடிந்திருக்கும். அவை பெரும்பாலும் ஓட்டின் மூலையில் தனியாகக் கிடக்கும் என்பதால் ஓட்டை வீசிவிடாதீர்கள். பிறகு முன் சக்கரம் தரையைத் தொடுகிறதா, சன்னல் வரிசை கோணியிருக்கிறதா என்று பார்த்து, குறை இருந்தால் அன்றைக்கே கடைக்கு எழுதுங்கள். தாமதித்தால் கடை ஏற்க மறுக்கலாம்.

நம் ஊர்க் காற்றில் உப்பு அதிகம். இந்த மாதிரிகள் துத்தநாகக் கலவையில் வார்க்கப்படுபவை. ஈயம் கலந்த பழைய வார்ப்புகள் ஈரத்தில் உள்ளுக்குள் வெடித்து உதிர்வது உண்டு. கண்ணாடி அலமாரியைக் கடற்பக்கச் சன்னலுக்கு எதிரில் வைக்காமல் உட்சுவரில் வைத்து, கதவின் இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டி, தட்டுக்கு இரண்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவற்றைப் பத்து நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். மற்ற காலத்தில் மாதம் ஒருமுறை போதுமானதாக இருக்கிறது.