எந்த "வேண்டாம்"? வீட்டுக் குரல் உதவியாளருக்குப் பின்னூட்டம் அமைக்கும் செய்முறை

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கு மிதவை சுவிச் ஒன்றைப் பூட்டி, ஒரு சின்ன ஸ்பீக்கரையும் பொருத்தி வைத்திருந்தேன். தண்ணீர் குறைந்தால் காலை ஆறு மணிக்கு அது தானாகவே கேட்கும்: "தண்ணி குறைஞ்சிட்டுது, மோட்டர் போடட்டுமா?" அந்த நேரம் அம்மம்மா சாமி அறையில் இருப்பா. "வேண்டாம்" என்பா. மூன்று நாள் தொடர்ந்து வேண்டாம் என்றால் அந்த அறிவிப்பை நிறுத்திவிடும்படி நான்தான் எழுதியிருந்தேன். நான்காம் நாள், தலையில் சவர்க்காரத்தோடு நிற்கும்போது குழாய் காற்று விட்டது.

மெஷினில் பிழையில்லை. "வேண்டாம்" என்பதற்கு ஒரே பொருள்தான் என்று நினைத்த என்னில்தான் பிழை. நாம் கேட்காமலே தானாகப் பேசும் ஒரு கருவிக்கு வீட்டார் தரும் பதிலை எப்படி வாங்குவது என்று அதன் பிறகுதான் ஒழுங்காக யோசித்தேன். கோடிங் தெரியாதவர்களும் பாதி வழி வரை இதைச் செய்யலாம்.

படி 1: ஒரே ஒரு அறிவிப்பை எடுங்கள்

பிழைத்தாலும் பெரிய நட்டமில்லாத ஒன்றாக இருக்கட்டும். மாரி மழைக்கு முன் கொடியில் காயும் உடுப்பை நினைவூட்டுவது நல்ல தொடக்கம். காஸ் அடுப்பு, கதவுப் பூட்டு பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

படி 2: முதலில் நீங்களே மெஷினாக இருங்கள்

ஒரு புளூடூத் ஸ்பீக்கரை விறாந்தையில் வையுங்கள். பக்கத்து அறையில் இருந்து, கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ் வசனத்தைத் தட்டி ஒலிக்க விடுங்கள். செலவு இல்லை. வீட்டாரிடம் "சோதனை நடக்குது" என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஒளித்திருந்து செய்தால் பிறகு ஏச்சு விழும். மூன்று நாளைக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எத்தனை மணி, என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது. பதிலைச் சொன்னபடியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது.

எங்கள் கொப்பியில் ஒரு "ஆம்" கூட இல்லை. ஓம், ஓமோம், போடு, ம். அப்புறம் வேண்டாம், பொறு, தெரியும், காணும், பேசாம இரு. ஒருமுறை அம்மம்மா "பொறு பிள்ளை" என்று ஸ்பீக்கரையே பேரப்பிள்ளை ஆக்கிவிட்டா. உங்கள் கருவி புரிய வேண்டிய சொற்கள் இவைதான், அகராதியில் தேடாதீர்கள்.

படி 3: "வேண்டாம்" என்பதைப் பிரியுங்கள்

முழு வேலையும் இங்கேதான். எங்கள் வீட்டில் நான்கு வகை இருந்தது.

"பொறு" என்றால் விஷயம் சரி, நேரம்தான் சரியில்லை. இருபது நிமிடம் கழித்து ஒரே ஒருமுறை திரும்பக் கேட்கலாம். இதை வெறுப்பாகக் கணக்கிடவே கூடாது. நான் விழுந்த குழி இதுதான்.

"தெரியும்" என்றால் இன்றைக்கு இத்தோடு போதும். நாளைக்கு வழமை போலக் கேட்கலாம்.

"பிழை" என்றால் தாங்கி நிரம்பித்தான் இருக்கிறது, கருவி உளறுகிறது. அறிவிப்பைக் குறைப்பதால் பயனில்லை. மேலே ஏறி மிதவை சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

"இனிச் சொல்லாதே" என்றால் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் எப்படித் திரும்பத் தொடக்கலாம் என்பதையும் கருவி சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும்.

பதிலே வராவிட்டால்? மௌனத்தைச் சம்மதமாக எடுக்கும் வழக்கம் இங்கே உதவாது. குளியலறையில் இருந்திருப்பார்கள். ஒன்றும் செய்யாமல் விடுங்கள்.

படி 4: கேட்டது விளங்கியது என்று காட்டுங்கள்

பதில் சொன்னவருக்கு என்ன மாறியது என்று உடனே தெரிய வேண்டும். "சரி, ஆறே இருபதுக்குக் கேக்கிறன்" போதும். இது இல்லாவிட்டால் இரண்டு நாளில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இரவில் குரலுக்குப் பதிலாக ஒரு சின்ன வெளிச்சம் போதும்.

வெறும் "வேண்டாம்" வந்தால் மட்டும் மேற்கொண்டு கேட்கலாம், அதுவும் இரண்டாம் முறை வந்தால்: "இப்ப மட்டும் வேண்டாமா, இனி வேண்டவே வேண்டாமா?" ஒவ்வொரு அறிவிப்புக்கும் பின்னால் ஐந்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்கும் வடிவமைப்பை நான் வெறுக்கிறேன். வீடு என்ன, வாடிக்கையாளர் சேவை நிலையமா?

படி 5: கேட்பதா, தானே செய்வதா

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் எரிக் ஹோர்விட்ஸ் 1999இல் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் கைகொடுக்கிறது. மின்னஞ்சலைப் பார்த்துச் சந்திப்பு நேரம் குறிக்க உதவும் ஒரு மென்பொருளை வைத்து எழுதியது. தன் ஊகம் சரியாக இருக்கும் வாய்ப்பைப் பொறுத்து, கருவி சும்மா இருக்கலாம், கேட்கலாம், அல்லது தானே செய்யலாம். பிழைத்தால் வரும் நட்டத்தைப் பொறுத்து இந்த எல்லைகள் நகரும். நீங்கள் சேர்க்கும் பின்னூட்டத்தின் வேலையும் அந்த எல்லைகளை நகர்த்துவதுதான்.

முப்பது நாள் தொடர்ந்து "ஓம்" வந்தாலும் மோட்டரைத் தானாகப் போட நான் விடவில்லை. கிணற்றில் தண்ணீர் வற்றியிருக்கும்போது ஓடினால் மோட்டர் போய்விடும். விறாந்தை லைட் என்றால் ஐந்து "ஓம்" எனக்குப் போதும்.

படி 6: கருவியில் ஏற்றுங்கள்

வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் இலவசம். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஓடும். முதலில் போன் அறிவிப்பில் பொத்தான்களை வைத்துத் தொடங்குங்கள். "ஓம்" மாதிரி ஓரசைச் சொல்லைக் குரலிலிருந்து பிடிப்பது கஷ்டம். அதைப் பிறகு பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் ஒரு அறிவிப்புக்கு மூன்று பொத்தான்தான் வரும். நான் வைத்தவை: போடு, பொறு, பிழை. மோட்டர் ஏற்கெனவே ஓடினால் அறிவிப்பு தானாக மறைந்துவிடும், ஆகவே "தெரியும்" தேவைப்படவில்லை. "இனிச் சொல்லாதே" அமைப்புப் பக்கத்துக்குப் போய்விட்டது. பொத்தானாக இருந்தால் தம்பி முதல் நாளே அமத்திவிடுவான். தாங்கியைப் பற்றிக் கவலைப்படுவதோ அம்மம்மா.

ஒவ்வொரு பொத்தானுக்கும், எத்தனை முறை அமத்தினார்கள் என்று எண்ணும் ஒரு கவுன்டர். "பொறு"வுக்கு மட்டும் நேரத்தையும் பதியுங்கள். கரண்ட் போய் வந்த பின் முதல் பத்து நிமிடம் எதுவும் பேசாதபடி ஒரு நிபந்தனை போடுங்கள், இல்லாவிட்டால் எல்லா அறிவிப்பும் ஒன்றாகக் கொட்டும்.

இரண்டு கிழமை கழித்துப் பார்த்தேன். எங்கள் "பொறு" எல்லாம் ஆறுக்கும் ஆறரைக்கும் இடையில்தான் விழுந்திருந்தது. அறிவிப்பை ஆறே நாற்பதுக்கு மாற்றினேன். இப்போது பெரும்பாலான நாளில் அது வாய் திறக்க முன்பே அம்மம்மா மோட்டரைப் போட்டுவிடுகிறா.