விஞ்ஞானக் கதையைத் தையல் பிரித்துப் படிப்பது எப்படி?

பேண்ட்டின் இடுப்பைப் பிடிக்கச் சொல்லி வந்த கல்லூரிப் பையன் ஒருவன், என் மிஷின் மேல் கிடந்த புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "அண்ணே, விஞ்ஞானக் கதை படிக்கணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? நாலு புத்தகம் எடுத்தேன், நாலும் முப்பது பக்கத்தைத் தாண்டல" என்றான். கையில் அவசர வேலை. "சனிக்கிழமை பேண்ட் வாங்க வா தம்பி, சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை கடையில் கூட்டம், பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் புது மண்டபத்தில் மாமாவிடம் காஜா எடுக்கும் பையனாகச் சேர்ந்தவன். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, தூணுக்குத் தூண் ஒரு மிஷின், நடுநடுவே புத்தகக் கடைகள், பாத்திரக் கடைகள். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் அழகர் வேட உடுப்பு தைத்துத் தைத்துக் கை ஓய்ந்துவிடும். மற்ற மாதங்களில் பள்ளிக்கூட மாறுவேட உடுப்பும் ஆல்ட்டரேஷனும்தான். அந்த மாதங்களில் படிப்பேன். இங்கிலீஷ் எனக்குத் தடவித் தடவித்தான் வரும். அதனால் இங்கிலீஷ் கதைகளை அக்கா மகள் படித்துச் சொல்வாள், நான் கேட்டுக்கொண்டே ஹெம்மிங் போடுவேன். அதையும் படிப்புக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

முதல் விஷயம், தலையணை சைஸ் புத்தகத்தில் கை வைக்காதீர்கள். தம்பி எடுத்த நாலும் அந்த ரகம்தான். சின்னதில் ஆரம்பியுங்கள், படக்கதையாக இருந்தாலும் தப்பில்லை. என்னை உள்ளே இழுத்தது சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ். 1972-ல் அவர்கள் போட்ட முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. பிரிட்டிஷ் படக்கதையின் தமிழ் வடிவம். அந்த ஆளுக்கு ஒரு கை இரும்பு. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். சின்ன வயதில் "அந்தக் கையும் மறைஞ்சா நல்லா இருக்குமே" என்று நினைப்பேன். தையல் பழகின பிறகுதான் புரிந்தது. கையும் மறைந்துவிட்டால் அவன் எந்தக் கதவுக்குள்ளும் போவான், எதையும் எடுத்து வருவான், யாரும் பிடிக்க முடியாது. அப்புறம் கதை ஏது? அந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் கதையே நிற்கிறது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் இருக்கும் வித்தை இது ஒன்றுதான். ஒரு பேண்ட்டில் இடுப்பு 36, அதை 34 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்க நடுத்தையலைப் பிரித்து இரண்டு இஞ்சு உள்ளே பிடித்தால் முடிந்தது என்று நினைப்பீர்கள். பிடித்ததும் பின்பாக்கெட் இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கிவிடும். பக்கத் தையல் பின்னால் நகரும். சீட்டைக் கீழே வரை சரித்துக் குறைக்காவிட்டால் உட்காரும் இடத்தில் பை மாதிரித் தொங்கும். பெல்ட் லூப் ஒன்றைப் பிடுங்கி வேறு இடத்தில் வைக்க வேண்டும். மாற்றியது ஓர் இடத்தில், இழுப்பது நாலு இடத்தில். அந்த நாலையும் பார்த்துச் சரிசெய்தவன் டெய்லர். இடுப்பை மட்டும் பிடித்து இஸ்திரி போட்டுக் கொடுத்தவனை நீங்கள் இரண்டாம் தடவை தேடிப் போக மாட்டீர்கள்.

விஞ்ஞானக் கதையும் இதுதான். எழுதுகிறவர் நம் உலகத்தில் ஓர் இடத்தைப் பிடிக்கிறார். அது எந்த இடம் என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு வேறு எங்கெங்கே இழுக்கிறது, அதை அவர் கவனித்தாரா என்று பார்த்துக்கொண்டே படியுங்கள். ராக்கெட்டும் ரோபோவும் இருப்பதால் மட்டும் ஒன்று விஞ்ஞானக் கதை ஆகிவிடாது. அவை பட்டன் மாதிரி.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. வாரா வாரம் பக்கங்களைக் கிழித்து யாரோ பைண்டு பண்ணி வைத்திருந்த புத்தகம், எதிர்த் தூண் கடைக்குப் பழைய விலைக்கு வந்தது. அப்படித்தான் படித்தேன். எல்லோரும் ஜீனோ என்ற நாயைத்தான் சொல்வார்கள். இயந்திர நாய், பேசும், புத்தகம் படிக்கும். ஆனால் அவர் பிடித்த இடம் நாய் இல்லை. எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்ற ஒன்றுதான். அது பெயர் வரைக்கும் இழுக்கிறது: ஆட்களுக்கு நிலா, சிபி, ரவி என்று இரண்டெழுத்துப் பெயர். பிள்ளை பெற்றுக்கொள்ளவும் அனுமதி. இதைக் கண்டுபிடித்துவிட்டு மறுபடி படித்தால் நாய் இன்னும் பிடிக்கும்.

இன்னொரு உதாரணம். வங்காளத்தைச் சேர்ந்த பேகம் ரொக்கேயா இங்கிலீஷில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905-ல் நம்ம சென்னையிலிருந்து வந்த பத்திரிகை ஒன்றில்தான் அச்சானது. அக்கா மகள் ஒரே மதியத்தில் படித்துச் சொன்னாள், அவ்வளவு சின்னது. பிடித்த இடம்: ஆண்கள் வீட்டுக்குள்ளே, பெண்கள் வெளியே. இழுக்கிற இடங்களைப் பாருங்கள். வெயிலைச் சேர்த்து வைத்துச் சமைக்கிறார்கள், போரில் எதிரியை விரட்டுவதும் அதே வெயிலால்தான். வானத்தில் பறக்கும் வண்டி. 1905! இதற்கும் முன்னால், 1896-ல், விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் ஒரு தலைமுடித் தைலக் கம்பெனி நடத்திய கதைப் போட்டிக்கு எழுதிய கதையில், கடலில் தைலத்தைக் கொட்டிப் புயலை அடக்குகிறார்கள். நோபல் பரிசு வாங்கும் அளவுக்கு மூளை இருந்தும் வாங்காமல் போனவர், தைல பாட்டில் கதைக்குப் பரிசு வாங்கியிருக்கிறார். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

சரி, தம்பி முப்பது பக்கத்தில் நின்றதற்கு வருவோம். "வார்த்தை ஒண்ணும் புரியல" என்றான். புரியக் கூடாதுதான். அந்த உலகத்து ஆட்களுக்கு அது தினசரி வார்த்தை, நமக்காக நின்று விளக்க மாட்டார்கள். வெளியூர் பஸ்ஸிலிருந்து மாட்டுத்தாவணியில் இறங்கினவரிடம் 'கறிதோசை' என்றால் முதலில் விழிப்பார், இலையில் வந்து விழுந்ததும் புரிந்துகொள்வார். துணியை வெட்டின பிறகு நேராக மிஷினில் ஓட்டுவதில்லை, கையால் பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டு நிறுத்திப் பார்ப்போம். அதுபோல ஒவ்வொரு புது வார்த்தைக்கும் ஓர் ஊகத்தைப் போட்டுவிட்டு மேலே போங்கள். ஐம்பதாம் பக்கத்தில் ஊகம் தப்பு என்று தெரிந்தால் பிரித்துக்கொள்ளலாம். ஓட்டுத்தையல்தானே, சுலபமாக வந்துவிடும். நூறு பக்கம் போயும் எதுவுமே பிடிபடவில்லை என்றால் மூடி வைத்துவிடுங்கள். குற்றம் உங்களுடையது இல்லை.

விஞ்ஞானம் சரியா என்று பார்ப்பதை இரண்டாம் படிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் வீட்டில் இருப்பதை வைத்தே பார்க்கலாம். மொட்டைமாடியில் டிஷ் ஆன்டெனா இருக்கிறதே, அது ஏன் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது? பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை ஓடவிட்டால், பூமி ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். நமக்கு அது வானத்தில் ஆணி அடித்து மாட்டியது மாதிரித் தெரியும். அப்படி மூன்றை நிறுத்தினால் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று இங்கிலாந்து விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1945-லேயே கட்டுரை எழுதிவிட்டார். பிறகு இலங்கையில் போய்க் குடியேறி, 2008-ல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். 1979-ல் வந்த அவருடைய நாவல் ஒன்றில் அதே உயரத்துக்குப் பூமியிலிருந்து ஒரு லிஃப்ட் கட்டுகிறார்கள், அதுவும் இலங்கை மாதிரியான ஒரு தீவிலிருந்து! படித்துவிட்டு மாடிக்குப் போய் டிஷ் பார்க்கும் திசையில் நானும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கதை நிஜமாகிவிட்டது.

சினிமாவுக்கு வருவோம். முதல் தடவை கை கட்டி உட்கார்ந்து பாருங்கள், நோட்டு வேண்டாம். இரண்டாம் தடவை சாக்பீஸ். நான் கட்டிங் டேபிளில் நீளமாக ஒரு கோடு போடுவேன், அதுதான் காலம். 2015-ல் வந்த 'இன்று நேற்று நாளை' படத்தில் 2065-லிருந்து ஒரு கால இயந்திரம் வந்து இரண்டு வேலையற்ற நண்பர்கள் கையில் சிக்குகிறது. அவர்கள் அதை வைத்துச் செய்வது என்ன தெரியுமா? ஜோசியம்! காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார்கள். நம் ஊர் ஆளிடம் அப்படி ஒன்று கிடைத்தால் முதலில் அதைத்தான் செய்வான், சந்தேகமே வேண்டாம். அவர்கள் ஒவ்வொரு முறை பின்னால் போவதையும் கோட்டிலிருந்து வளைவாகப் போடுங்கள், எந்த வளைவு எதை வெட்டுகிறது என்று தெரியும்.

2021-ல் வந்த 'மாநாடு' இன்னும் சிக்கல். நாயகன் செத்தால் அதே நாள், அதே விமானத்துக்குள் கண் விழிக்கிறான். காரணம் கேட்டால் உஜ்ஜயினி, காலபைரவர் என்கிறார்கள். அக்கா மகள் "இது சயின்ஸே இல்ல மாமா" என்று தள்ளிவிட்டாள். நான் தள்ளவில்லை. காரணம் கோயிலாக இருக்கட்டும், போட்ட விதியைப் படம் மீறவில்லை. மேஜையில் போட்டுப் பார்த்தேன், தையல் எங்கும் பிரியவில்லை. 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தில் கருந்துளைக்குப் பக்கத்துக் கிரகத்தில் ஒரு மணி நேரம் பூமியில் 7 வருஷம். அந்தக் கணக்கை எல்லோரும் பேசுவார்கள். நான் பார்ப்பது, அப்பன் திரும்பி வந்து பிள்ளைகள் அனுப்பிய 23 வருஷச் செய்திகளை உட்கார்ந்து பார்க்கும் இடத்தை. இழுப்பு அங்கேதான் விழுகிறது.

குறிப்பு எழுதுங்கள், மறக்காமல். தனி நோட்டு வாங்காதீர்கள், வாங்கினால் நன்றாக எழுத வேண்டும் என்று தோன்றி எழுதவே மாட்டீர்கள். நான் வாடிக்கையாளர் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். மூன்று வரிதான். பிடித்தது எங்கே, இழுத்தது எங்கே, பிரிந்தது எங்கே. இரும்புக்கை மாயாவிக்கு எழுதியிருப்பது: "பிடித்தது: கரண்ட் பட்டால் மறைவான். இழுத்தது: கை தெரியும், கரண்டைத் தேடி அலைய வேண்டும். பிரிந்தது: சட்டை பேண்ட்டும் எப்படி மறைகிறது?" கடைசிக் கேள்வி டெய்லர் கேள்வி. உங்கள் தொழிலுக்கு வேறு கேள்வி வரும். நர்ஸாக இருந்தால் விண்கலத்தில் மருந்து எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். அதை எழுதுங்கள்.

ஒரு முறை மாத நாவல் ஒன்றைப் பழைய விலையில் வாங்கினேன். கடைசி எட்டுப் பக்கம் இல்லை, யாரோ வடை மடித்திருக்கிறார்கள். தூக்கம் வராமல், முடிவை நானே பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். வருஷங்கள் கழித்து முழுப் புத்தகம் கிடைத்தபோது ஒப்பிட்டுப் பார்த்தேன். என் முடிவு மட்டம். நான் எல்லோரையும் காப்பாற்றியிருந்தேன், பிடித்த இடத்தையே அவிழ்த்துவிட்டிருந்தேன். அன்றிலிருந்து வேண்டுமென்றே கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தி, நாலு வரி எழுதிவிட்டுத்தான் மேலே படிக்கிறேன். செய்து பாருங்கள், எழுதுகிறவர் என்ன பாடுபட்டார் என்று தெரியும்.

புத்தகத்துக்கு மதுரையில் பஞ்சமில்லை. சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள். புது நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஏசியில் உட்கார்ந்து நாள் முழுக்கப் படிக்கலாம். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா போட்டால் கடைசி நாள் சாயங்காலம் போகாதீர்கள், நல்லதெல்லாம் போயிருக்கும்.

என்னிடமும் வாங்கிப் போகலாம். யார் எதை எடுத்தார் என்று அளவுக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்வேன். அந்தத் தம்பி போன மாதம் ஒரு கதைத் தொகுப்பை எடுத்துப் போனான். இன்னும் வரவில்லை. பரவாயில்லை, அதற்கப்புறம் பாட்டம் குறைக்கக் கொடுத்த அவனுடைய இன்னொரு பேண்ட் இங்கேதான் தொங்குகிறது.