முதுகெலும்பு ஆபரேஷனில் நரம்புக் கண்காணிப்பு: தசைத்தளர்வு மருந்தை எப்படிக் கையாள்வது

சாயல்குடி, கடலாடிப் பக்கம் பதநீர் இறக்கும் மாதங்களில் பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் வருவார்கள். அவர்களுக்கு ஸ்க்ரூவும் ராடும் வைக்கும்போது தண்டுவடத்துக்கோ நரம்பு வேருக்கோ அடிபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் நரம்புக் கண்காணிப்பு. கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ராக்குரோனியமோ வெக்குரோனியமோ போன்ற தசைத்தளர்வு மருந்து உடம்பில் மிச்சமிருந்தால் அது காட்டுவதை அப்படியே நம்ப முடியாது.

இந்த மருந்துகள் வேலை செய்யும் இடம் மூளையோ தண்டுவடமோ அல்ல. நரம்பும் தசையும் சேரும் சந்திப்பு. அங்கே நரம்பு தசைக்கு அனுப்பும் வேதிப்பொருளான அசிடைல்கோலின் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கின்றன. அதனால் தசையில் பதிவாகும் சோதனை எல்லாம் கெடும். கணுக்கால் நரம்பை மின்சாரத்தால் தூண்டித் தலையில் பதியும் எஸ்.எஸ்.இ.பி. சோதனை மட்டும் தப்பிக்கும். தசை இரைச்சல் அடங்குவதால் அது இன்னும் தெளிவாகவே வரும். ஆனால் அது பார்ப்பது தண்டுவடத்தின் பின்பக்கப் பாதையை. கால் அசையுமா என்று அது நேரடியாகச் சொல்லாது.

தசையில் பதியும் மற்ற இரண்டு சோதனைகளும் இரண்டு விதமாகப் பொய் சொல்லும். தலையில் தூண்டிக் கை கால் தசையில் பதியும் எம்.இ.பி.யில் அலை சுருங்கும், சில நேரம் காணாமலே போகும். அது பொய் அலாரம். ஆபரேஷன் நிற்கும், எல்லாரும் பதறுவார்கள், அவ்வளவுதான். ஸ்க்ரூ சோதனையில் வருவது பொய் நிம்மதி. நாங்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். இடுப்பு முதுகெலும்பில் எலும்புச் சுவர் முழுதாக இருந்தால் ஸ்க்ரூவில் 10 மில்லி ஆம்பியர் கொடுத்தாலும் பொதுவாகக் கால் தசை துடிக்காது. சுவர் உடைந்திருந்தால் 5, 6 மில்லி ஆம்பியரிலேயே துடிக்கும். தசைத்தளர்வு இருந்தால் உடைந்த சுவரும் உடையாதது போலவே மௌனமாக இருக்கும்.

மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது

ராக்குரோனியம் கிலோவுக்கு 0.6 மி.கி. போதும், 50 கிலோ ஆளுக்கு 30 மி.கி. ஏறக்குறைய 30 முதல் 40 நிமிடம் நிற்கும், முதுகுத் தசையை விலக்கும் நேரத்துக்கு அதுவே சரியாக இருக்கும். 1.2 மி.கி. கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். சக்சினைல்கோலின் என்ற இன்னொரு தசைத்தளர்வு மருந்து சில நிமிடங்களில் விலகிவிடும் என்பதால் ஆசையாக இருக்கும். ஆனால் தண்டுவடம் அடிபட்டு இரண்டு மூன்று நாள் கழித்து வந்தவருக்கு அது பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தை நிறுத்தலாம். ‘வீட்டிலேயே கட்டுப்போட்டுப் பார்த்தோம்’ என்று தாமதமாக வருகிறவர்கள் உண்டு. எனவே விழுந்த தேதியைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

ராமநாதபுரத்தில் டியூப் போட்டு ஆம்புலன்சில் மதுரைக்கு அனுப்பினால், கடைசியாகக் கொடுத்த மருந்தின் பெயர், அளவு, மணி மூன்றையும் கடிதத்தில் எழுதுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் வெக்குரோனியம் நினைத்ததைவிட நெடுநேரம் நிற்கும்.

அடிப்படை அலை (ஒப்பிடுவதற்கான முதல் பதிவு) எடுக்கும் முன்

மணிக்கட்டில் அல்நார் நரம்பின் மேல் டி.ஓ.எஃப். (நான்கு தூண்டல் கொடுத்துத் தளர்வை அளக்கும் சோதனை) மின்முனைகளை ஒட்டுங்கள். கடற்கரை வியர்வையில் ஜெல் வழுக்கும். ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டவேண்டும். அரை விநாடிக்கு ஒன்றாக நான்கு தூண்டல். கட்டைவிரல் நான்கு முறையும் ஒரே பலத்தில் துடிக்கவேண்டும். முதல் துடிப்போடு ஒப்பிட்ட நான்காவது துடிப்பின் விகிதம் 0.4-ஐத் தாண்டிவிட்டால், துடிப்பு படிப்படியாகக் குறையும் தேய்வைக் கண் கண்டுபிடிக்காது. எண் காட்டும் கருவி இருந்தால் 0.9 வரும்வரை ஸ்க்ரூ சோதனை வேண்டாம்.

செயலிழந்த காலில் டி.ஓ.எஃப். வைக்காதீர்கள். நரம்புத் தொடர்பு அறுந்த தசை இந்த மருந்துக்கு எளிதில் அடங்காது. அந்தக் கால் துடிப்பதைப் பார்த்து மருந்து போய்விட்டது என்று நினைத்துவிடுவோம்.

அவசரமானால் ராக்குரோனியம், வெக்குரோனியத்தை விலக்கும் சுகமடெக்ஸ்: இரண்டு துடிப்பு வந்திருந்தால் கிலோவுக்கு 2 மி.கி., ஆழ்ந்த தளர்வில் 4 மி.கி. 50 கிலோவுக்கு 4 மி.கி. என்றால் 200 மி.கி., அதாவது ஒரு குப்பி. விலை கூடுதல்தான், முதல் டோஸை அளவாகப் போட்டால் பலருக்குத் தேவைப்படாது. அட்ராக்யூரியம் என்ற வேறு வகைத் தசைத்தளர்வு மருந்துக்கு சுகமடெக்ஸ் வேலை செய்யாது.

நடுவில் ‘தசை இறுக்கமாக இருக்கிறது’ என்று சர்ஜன் சொன்னால் கை முதலில் ராக்குரோனியம் பக்கம் போகும். போகவேண்டாம். மயக்க மருந்தான புரோப்பஃபாலைக் கூட்டுங்கள், வலி மருந்தான ஃபென்டனில் கொடுங்கள். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் கண்காணிப்பு டெக்னீஷியனிடம் உரக்கச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். இரண்டு துடிப்பில் நிறுத்தி வைக்கும் அரைத்தளர்வு முறையும் உண்டு. ஏற்கெனவே கால் பலம் குறைந்த நோயாளிக்கு அது ஆகாது. இருக்கிற சின்ன அலையும் போய்விடும்.

தளர்வு இல்லாததால் எம்.இ.பி. தூண்டலுக்குத் தாடை இறுகி நாக்கு கடிபடும். கடைவாய்ப் பற்களுக்கு இடையே இருபுறமும் துணிச்சுருள் வையுங்கள். கவிழ்த்துப் படுக்கவைத்த பிறகு இன்னொரு தடவை பாருங்கள். தூண்டும் முன் சர்ஜனுக்குக் குரல் கொடுங்கள்.

எம்.இ.பி. அலை விழுந்தால்

முதலில் கை அலைகளைப் பாருங்கள். நெஞ்சு, இடுப்புப் பகுதி ஆபரேஷனில் கையும் காலும் சேர்ந்து விழுந்தால் தசைத்தளர்வு, வாயு மயக்க மருந்து, இரத்த அழுத்தம் இவற்றைச் சந்தேகியுங்கள். கை நன்றாக இருந்து கால் மட்டும் போனால் மருந்தைக் குற்றம் சொல்லி நேரத்தைக் கழிக்காமல் சர்ஜனை நிறுத்தச் சொல்லுங்கள். அதே மூச்சில் டி.ஓ.எஃப். பாருங்கள், சராசரி இரத்த அழுத்தத்தை 85-க்கு மேல் ஏற்றுங்கள். யாராவது இடையில் மருந்து கொடுத்தார்களா என்பதையும் கேளுங்கள். ஆள் மாறும் நேரத்தில் இது நடப்பதுண்டு.

சோதனைகள் முடிந்து, தையல் போடும்போது மறுபடி தளர்வு தேவைப்பட்டால், சுகமடெக்ஸ் கொடுத்தவருக்கு ராக்குரோனியம் சரியாகப் பிடிக்காது, அட்ராக்யூரியம் கொடுங்கள். அதை விலக்க நியோஸ்டிக்மின் கிலோவுக்கு 0.05 மி.கி., கூடவே கிளைக்கோபைரோலேட் கிலோவுக்கு 0.01 மி.கி. நான்கு துடிப்பும் வந்த பிறகுதான் கொடுக்கவேண்டும். டியூப் எடுக்க விகிதம் 0.9.