கைடுடன் முதல் எல்க் வேட்டை: புதியவர்கள் செய்யும் தவறுகள்

உலகத்திலேயே எல்க் மான்கள் மிக அதிகமாக இருப்பது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில். இரண்டரை லட்சத்துக்கும் மேல். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை அவற்றைத் தேடி மலையேறுகிறவர்களில் முதல்முறை வேட்டைக்காரர்களும் நிறையப் பேர். கைடு வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு நினைப்பு வந்துவிடும்: காசு கொடுத்தாயிற்று, மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். மான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது, காற்றுப் பார்ப்பது, குதிரையில் இறைச்சியை இறக்குவது எல்லாம் கைடு செய்வார்தான். ஆனால் மலையேறத் தேவையான மூச்சு, நிதானமான கை, சுடக்கூடாத நேரத்தில் சுடாமல் இருக்கும் பொறுமை மூன்றையும் அவரால் தர முடியாது. புதியவர்கள் சறுக்குவது அங்கேதான்.

இந்தியாவில் 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அமெரிக்க மலைக் கிராமத்துப் பிள்ளைகள் அப்பாவோடும் தாத்தாவோடும் போய்ப் பழகுவது போலப் பழகும் வாய்ப்பு, அங்கே குடியேறிய நம்மவர்களுக்கு இருந்திருக்காது. அவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

இலையுதிர் காலத்தில் யோசிக்கத் தொடங்குவது

அக்டோபர் வேட்டைக்கு ஆகஸ்டில் விசாரிக்கத் தொடங்கினால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். வெளிமாநிலத்தவர் எல்க் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் கெடு வயோமிங்கில் பிப்ரவரித் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். கொலராடோவிலும் மொன்டானாவிலும் ஏப்ரல் தொடக்கத்தில். பல பகுதிகளுக்குக் குலுக்கல் முறைதான். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், சென்ற ஆண்டு நண்பர் சொன்னதை நம்பாமல் அந்த ஆண்டுக்கான கையேட்டைப் படியுங்கள்.

வேட்டைக் கல்விச் சான்றிதழ் இன்னொன்று. 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள் அது இல்லாமல் கொலராடோவில் லைசென்ஸ் வாங்க முடியாது. நீங்கள் வசிக்கும் மாநிலத்திலேயே படித்து முடித்துவிடலாம். மற்ற மாநிலங்களிலும் செல்லும்.

எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். குடியேற்றமல்லாத விசாவில் உள்ளவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. லைசென்ஸ் வாங்குவதற்கு முன்பே நண்பரின் ரைஃபிளை வாங்கிப் பயிற்சி செய்யப் போகிறவர்கள், குற்றம் என்று தெரியாமலேயே குற்றத்துக்குள் போகிறார்கள். சந்தேகம் இருந்தால் முதலில் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள், கைடை அப்புறம்.

படத்தைப் பார்த்து அவுட்ஃபிட்டரைத் தேர்வு செய்வது

அவுட்ஃபிட்டர் என்றால் கைடு, முகாம், குதிரை எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து தருபவர். பெரிய கொம்போடு சிரிக்கிறவர்களின் படம் எல்லா அவுட்ஃபிட்டரிடமும் இருக்கும். கேட்க வேண்டியவை வேறு. மாநிலத்தில் பதிவு செய்தவரா? கூட்டிப்போவது தேசிய வனம் என்றால் வனத்துறையின் அனுமதி அவரிடம் இருக்கிறதா? ஒரு கைடுக்கு ஒரு வேட்டைக்காரரா, இரண்டு பேரா? இறைச்சியை இறக்கித் தருவது கட்டணத்துக்குள் அடங்குமா? குலுக்கலில் லைசென்ஸ் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வருமா? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே அவரோடு போனவர்களின் எண்களைக் கேட்கும்போது, மான் கிடைக்காமல் திரும்பியவர்களின் எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். கூடாரம் ஒழுகியதா, கைடு கடைசி நாள் வரை உழைத்தாரா என்பதெல்லாம் வெறுங்கையோடு வந்தவர் வாயிலிருந்துதான் சரியாக வரும்.

வயோமிங்கில் சட்டப்படி அறிவிக்கப்பட்ட காப்புக் காட்டுப் பகுதிகளில் (வில்டர்னஸ்) கைடோ, அதற்கு அனுமதி பெற்ற உள்மாநிலத்தவரோ கூட இல்லாமல் வெளிமாநிலத்தவர் பெருவிலங்கு வேட்டையாடவே கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கைடிடம் பெருமையடிப்பது

தவறுகளிலேயே பெரியது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். புறப்படுவதற்கு முன் கைடு கேட்பார்: எவ்வளவு தூரம் நடப்பீர்கள், குதிரை ஏறியிருக்கிறீர்களா, எத்தனை கெஜம் வரை நம்பிச் சுடுவீர்கள்? வெட்கப்பட்டுக்கொண்டு நானூறு கெஜம் என்று சொல்லிவிடுகிறார்கள். அவர் அதை நம்பி, நானூறு கெஜத்தில் மான் தெரியும் ஒரு மேட்டில் உங்களைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறார். அங்கே உண்மை வெளிப்படும்போது அந்த நாள் வீண். இருநூறு கெஜம்தான் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அவர் வேறு வழியில், மரங்களுக்கு இடையே நெருக்கமாகக் கூட்டிப்போயிருப்பார். மூட்டுவலி, இரத்த அழுத்தம், உடல் எடை, குதிரை பயம் எதையும் மறைக்காதீர்கள். அவர் போடும் திட்டம் முழுவதும் நீங்கள் சொல்வதன் மேல்தான் நிற்கிறது.

உடம்பைத் தயார் செய்யாமல் போவது

எல்க் முகாம்கள் பலவும் 9,000 முதல் 10,000 அடி உயரத்தில் இருக்கும். தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான், அதாவது சுமார் 8,650 அடி. அதைவிட உயரத்தில் தூங்கி எழுந்து, விடியுமுன் இருட்டில் இன்னும் மேலே ஏற வேண்டும். சமவெளியிலிருந்து விமானத்தில் வந்து மறுநாளே ஏறுகிறவருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வருவது சாதாரணம். இரண்டு நாள் முன்னதாக வந்து இடைப்பட்ட உயரத்தில் தங்குங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மது வேண்டாம். தலைவலி முற்றி வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் ஒளிக்காமல் கைடிடம் சொல்ல வேண்டும். கீழே இறங்குவதுதான் அதற்கு மருந்து.

மூன்று மாதம் முன்பிருந்தே முதுகில் பாரத்தோடு படியேறிப் பழகினால் போதும். பூட்ஸை முகாமில் புதிதாகப் பிரிக்காதீர்கள். பருத்தி ஜீன்ஸும் பனியனும் நனைந்தால் காயாது. அந்தக் குளிரில் அது ஆபத்து. உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழைத் துணி, மேலே காற்றும் மழையும் தடுக்கும் அடுக்கு.

மேசையிலிருந்து மட்டும் சுட்டுப் பழகுவது

பயிற்சிக் களத்தில் மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுட்டால் எல்லாத் தோட்டாவும் ஒரே இடத்தில் விழும். மலையில் மேசை கிடையாது. அங்கே நடப்பது இப்படி இருக்கும்: இருநூறு அடி ஏற்றத்தை ஓட்டமும் நடையுமாக ஏறி முடித்த நிமிடத்தில் கைடு துப்பாக்கியைத் தாங்கும் ஷூட்டிங் ஸ்டிக்கை விரித்து நட்டு, "ஆஸ்பென் மரங்களுக்கு இடது பக்கம், நூற்று இருபது" என்று காதில் சொல்கிறார். மூச்சு வாங்குகிறது. நெஞ்சடிப்பில் குறிக்கோடு மேலும் கீழும் ஆடுகிறது. ரைஃபிளின் மேலுள்ள தொலைநோக்கியான ஸ்கோப்புக்குள் பார்த்தால் மானைக் காணோம். பழுப்பாக ஏதோ ரோமம், கொஞ்சம் பட்டை, ஒரு கிளை. நேற்று தூரத்து மேட்டைப் பார்க்க ஸ்கோப்பைப் பெரிதாக்கியவர் அதைத் திருப்பிக் குறைக்கவில்லை. குறைத்து முடிப்பதற்குள் மான் மரங்களுக்குள் போய்விட்டது.

நடக்கும்போது ஸ்கோப் எப்போதும் குறைந்த உருப்பெருக்கத்தில் இருக்கட்டும். பெரிதாக்க நேரம் கிடைத்தால் அப்போது பெரிதாக்கிக்கொள்ளலாம். பயிற்சியில் உட்கார்ந்தும் மண்டியிட்டும் ஸ்டிக்கின் மேல் வைத்தும், கொஞ்சம் ஓடிவிட்டு வந்தும் சுடுங்கள். பத்தில் ஒன்பது முறை சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்துக்குள் போடக்கூடிய தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை.

பெரிய மான் என்பதால் பெரிய ரைஃபிள் வேண்டும் என்று .300 மேக்னம் வாங்கி, அதன் உதைக்குப் பயந்து ட்ரிகரை அழுத்தும்போது கண்ணை மூடுகிறவர்கள் உண்டு. .270, .30-06 ரக ரைஃபிள்களே நல்ல தோட்டாவோடு எல்க்குக்குப் போதும், பல தலைமுறையாகப் போதுமானதாகவே இருக்கின்றன. விமானத்தில் கொண்டுவந்த ரைஃபிளை முகாமுக்குப் போகுமுன் ஒருமுறை சுட்டுக் குறி சரிபார்க்காமல் விடாதீர்கள்.

காற்றை மறப்பது

எல்க்கின் கண்ணையும் காதையும் ஓரளவு ஏமாற்றலாம், மூக்கை முடியாது. மலையில் விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறியதும் திசை மாறி மேலே போகும். மாலையில் மறுபடி இறங்கும். கைடு சின்னப் பாட்டிலிலிருந்து பொடியை ஊதிப் பார்ப்பது இதற்காகத்தான். நேராகப் போனால் பத்து நிமிடம் என்று தெரியும் இடத்துக்கு அவர் ஒரு மணி நேரம் சுற்றிக் கூட்டிப்போனால் முணுமுணுக்காமல் பின்னால் நடங்கள். அவர் நின்றால் நில்லுங்கள். ஜாக்கெட்டின் ஒட்டுப்பட்டையைச் சர்ரென்று பிரிப்பது, போனைப் பார்ப்பது, தாகம் என்று சொல்வது எல்லாம் அவர் கைகாட்டிய பிறகு.

செப்டம்பரில் ஆண் எல்க்குகள் கத்தும் இணைசேர் காலத்தில், கைடு பின்னால் இருந்து குரல் கொடுத்து உங்களை முன்னால் நிறுத்துவார். தனியாக விட்டுவிட்டார் என்று நினைத்து அவரிடம் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். குரல் வந்த இடத்தைத் தேடி வரும் மான் உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதே அந்த ஏற்பாடு.

பார்த்ததும் சுடுவது

பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், மார்பின் அடிக்கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நுரையீரல். புதியவர் சுட வேண்டியது அந்த ஒரு நிலையில்தான். சற்றே விலகித் திரும்பி நின்றாலும் சரி. பின்புறம் காட்டி நிற்பதையும் ஓடுவதையும் விட்டுவிடுங்கள். கூட்டமாக நின்றால் பின்னால் இன்னொன்று நிற்கிறதா என்று பாருங்கள். ஒரே தோட்டா துளைத்துக்கொண்டு போய் இரண்டாவதையும் கொல்லும். கொலராடோவின் பெரும்பாலான பகுதிகளில் ஆண் எல்க்குக்கு ஒரு கொம்பிலாவது நான்கு கிளை இருக்க வேண்டும், அல்லது நெற்றிக் கிளை ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். எல்க் என்று நினைத்து மூஸ் என்ற வேறொரு பெரிய மானைச் சுட்டுவிடுகிறவர்களும் அங்கே உண்டு. கைடு "சுடுங்கள்" என்றாலும் லைசென்ஸில் இருப்பது உங்கள் பெயர், சட்டம் முதலில் தேடி வருவது உங்களை.

சுட்டதும் துப்பாக்கியை இறக்கிவிட்டுக் கட்டிப்பிடிப்பது அடுத்த தவறு. நுரையீரலில் பட்ட எல்க்கும் ஒன்றும் நடக்காதது போல நிற்கும், நடக்கும். உடனே மறுதோட்டா ஏற்றி, இன்னும் நின்றால் கைடு சொல்கிறபடி மறுபடி சுட வேண்டும். அது நின்ற இடத்தையும் கடைசியாக மறைந்த இடத்தையும் ஒரு மரத்தையோ பாறையையோ வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். "படவில்லை" என்று தோன்றினாலும் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். நுரையோடு வெளிர்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல். கருஞ்சிவப்பும் பச்சையாகத் துணுக்குகளும் என்றால் வயிறு. வயிற்றில் பட்டதை அவசரப்பட்டுத் துரத்தினால் அது மைல்கணக்கில் போய் வலியோடு சாகும், கிடைக்கவும் கிடைக்காது. பல மணி நேரம் காத்திருந்துதான் தேட வேண்டும். அந்தக் காத்திருப்பு நாம் அந்த உயிருக்குக் கடன்பட்டது.

பாதுகாப்பில் சலுகை எதுவும் இல்லை. கைடு சொல்லும்வரை சேம்பரில், அதாவது சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறையில், தோட்டா வேண்டாம்; குதிரையிலும் வண்டியிலும் ஒருபோதும் வேண்டாம். ரைஃபிள் பருவத்தில் கொலராடோவில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு, தலையிலும் அதே நிறம் கட்டாயம்.

இறைச்சியைப் பற்றி யோசிக்காமல் வருவது

வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கும் மேல் இருக்கும். எலும்பு நீக்கினாலும் நூறு கிலோ அளவுக்கு இறைச்சி வரும். தடித்த தோல் வெப்பத்தை உள்ளேயே பிடித்துவைக்கும் என்பதால், உடனே உரித்துப் பிரித்துக் காற்றாட விடாவிட்டால் தொடை எலும்பை ஒட்டிக் கெட ஆரம்பிக்கும். படம் எடுப்பதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கைடு உரிக்கும்போது மானின் காலைப் பிடித்துக் கொடுங்கள். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது குற்றம். ஆணா பெண்ணா என்பதற்கான சான்று உடலோடு இயற்கையாக ஒட்டியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு, அதை வெட்டி எறிந்துவிடக் கூடாது.

மான்களை மெல்லக் கொல்லும் சி.டபிள்யூ.டி. என்ற மூளைநோய் முதலில் கண்டறியப்பட்டது 1967-ல் கொலராடோவில்தான். மனிதருக்குப் பரவியதாக உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையின் அறிவுரை. மாதிரி கொடுத்துப் பரிசோதியுங்கள். மூளையும் முதுகெலும்பும் சேர்ந்த உடலை எல்லை தாண்டிக் கொண்டுபோவதைப் பல மாநிலங்கள் தடை செய்திருப்பதால், இறைச்சியை வெட்டிப் பொதிந்து தரும் கடையிடம் முன்பே பேசிவைத்து, ஐஸ் பெட்டிகளோடு வாருங்கள். வேட்டை முடிந்த மறுநாள் காலைக்கே விமானம் போடாதீர்கள்.

வடமேற்கு வயோமிங்கிலும் மொன்டானாவிலும் கிரிஸ்லி கரடி வரும். கரடியை விரட்டும் ஸ்ப்ரே கையெட்டும் இடத்தில், பைக்குள் அல்ல.

கடைசி நாள் அவசரம்

கொலராடோவில் மொத்தமாகப் பார்த்தால் எல்க் வேட்டைக்காரர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான் மான் கிடைக்கிறது. கைடு இருந்தால் வாய்ப்பு கூடும், உறுதி கிடையாது. இது தெரியாமல் வருகிறவர், ஐந்தாம் நாள் மாலையில் தன் எல்லையைத் தாண்டிய தூரத்தில் மங்கும் வெளிச்சத்தில் சுடப் பார்க்கிறார். சூரியன் மறைந்து அரை மணி நேரத்தோடு சட்டப்படி நேரம் முடிந்தது. அதற்கு முன்பே கைடு "வேண்டாம்" என்றால் வாதாடாமல் தோட்டாவை எடுத்துவிடுங்கள்.

டிப்ஸ் பெரும்பாலும் கட்டணத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம். சமையல்காரருக்கும் குதிரை பார்ப்பவருக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். மான் கிடைக்கவில்லை என்று கைடுக்குக் குறைக்காதீர்கள். அந்த ஐந்து நாளும் உங்களுக்கு முன்பே எழுந்து கடைசியில் படுத்தவர் அவர். மலையில் ஏ.டி.எம். கிடையாது, நகரத்திலிருந்து கிளம்பும்போதே ரொக்கமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.