ஏரியைக் காக்கும் தன்னார்வக் குழுவுக்கு: எதை அளப்பது, எதை அடைப்பது, எதைத் தொடாமல் விடுவது

ஏரிக் குழுக்கள் பெரும்பாலும் குப்பை பொறுக்கும் முகாமோடுதான் தொடங்குகின்றன. அது நல்ல தொடக்கம். ஆட்கள் சேருவார்கள், கரை சுத்தமாகும். ஆனால் அதோடு நின்றுவிட்டால் ஏரி பிழைக்காது. அதைச் சாகடிப்பது வரத்துக்கால் வழியாகத் தினமும் வந்து கலக்கும் கழிவுநீர், குறிப்பாக அதிலுள்ள பாஸ்பரஸ்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 ஹெக்டேர் பரப்பும் சராசரி 2 மீட்டர் ஆழமும் கொண்ட ஏரியில் 2 லட்சம் கனமீட்டர் நீர் நிற்கும். லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே பாசி கொழுக்க அது போதும். முழு ஏரியையும் அந்த அளவுக்குக் கொண்டுவரத் தேவை வெறும் 6 கிலோ. வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருப்பது சாதாரணம். நொடிக்கு ஒரு லிட்டர் மட்டும் விடும் சின்னக் குழாய்கூட நாளைக்கு 432 கிராம் கொண்டுவந்து சேர்க்கிறது. 6 கிலோவுக்கு அதற்கு இரண்டே வாரம் பிடிக்கும். கனடாவில் 1973-ல் 226 என்று எண்ணிட்ட ஏரியை நடுவே திரை கட்டிப் பிரித்து, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்துப் பார்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பக்கம்தான் பாசி படர்ந்து பச்சையானது.

ஆகவே வேலையின் வரிசை இது: அளவிடுங்கள், உள்ளே வருவதை நிறுத்துங்கள், அதன்பின் உள்ளே இருப்பதை அகற்றுங்கள். வரிசை மாறினால் உழைப்பு வீணாகும்.

அளவிடும் இடங்கள்

மூன்று இடங்களாவது வேண்டும்: ஏரியின் ஆழமான பகுதி, ஒவ்வொரு வரத்துக்காலும் சேரும் வாய், நீர் வெளியேறும் மதகு அல்லது கலிங்கு. கைப்பேசியில் ஜிபிஎஸ் புள்ளியைக் குறித்துவையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம், ஏறக்குறைய அதே நேரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் தாக்குப்பிடிக்கலாம். வாரம் இரண்டு முறை என்று ஆரம்பிக்கும் குழு மூன்றாம் மாதத்தில் கலைந்துவிடும். இடைவெளி விழுந்த பதிவால் பயன் குறைவு.

பதிவுத்தாளில் தேதி, நேரம், மேகம், காற்று, கடந்த 48 மணி நேர மழை, மதகில் நீர்மட்டம், அளந்தவர் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். நீர்மட்டத்துக்கு மதகுச் சுவரில் சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றை வரைந்துவிட்டால் போதும். பத்து அளவீட்டுக்கு ஒருமுறை இருவர் தனித்தனியாக, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் அளக்கட்டும். வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் அளக்கும் முறையில் எங்கோ பிழை இருக்கிறது.

தெளிவை அளக்கும் தட்டு

இத்தாலிய வானியலாளர் ஆஞ்செலோ செக்கி 1865-ல் கடலில் சோதித்த முறை இன்றும் மிக மலிவான, மிக நம்பகமான கருவி. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள உலோக அல்லது அக்ரிலிக் தட்டு ஒன்றை எடுத்து, மேற்பரப்பை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கறுப்பும் வெள்ளையும் பூசுங்கள். பளபளக்காத பெயிண்டாக இருக்க வேண்டும். நடுவில் துளையிட்டு வளையம் உள்ள போல்ட்டைச் செருகி, அடியில் ஒரு கிலோ எடையை நட்டால் முடுக்குங்கள். எடை குறைந்தால் காற்றில் படகு நகரும்போது தட்டு சாய்ந்து, ஆழம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும்.

கயிறு இழுபடாததாக இருக்க வேண்டும். பின்னிய பாலியெஸ்டர் ஏற்றது. நைலான் நீளும், பருத்தி சுருங்கும். கயிற்றை ஓர் இரவு நீரில் ஊறவைத்துவிட்டு, தட்டின் மேற்பரப்பைப் பூச்சியமாகக் கொண்டு 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடும் மீட்டருக்கு ஒரு நிறப்பட்டையும் போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை டேப்பால் சரிபாருங்கள்.

காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில், படகின் நிழல் விழும் பக்கத்தில் இறக்குங்கள். கறுப்புக் கண்ணாடி அணியக் கூடாது. தட்டு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். இன்னும் சற்று இறக்கி, மெல்ல மேலே இழுத்து, மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் அன்றைய அளவு. தட்டு தரையைத் தொட்ட பிறகும் தெரிந்தால் 'தரை வரை தெரிகிறது' என்றே எழுதுங்கள். அந்த ஆழத்தைத் தெளிவின் அளவாக எழுதினால் வறட்சியில் ஏரி கெட்டுவிட்டதாகப் பதிவு பொய் சொல்லும். ஆழமற்ற ஏரிக்கு, அடியில் இதே வடிவம் ஒட்டிய 120 சென்டிமீட்டர் தெளிகுழாய் பொருத்தம்.

1977-ல் ராபர்ட் கார்ல்சன் தந்த குறியீட்டின்படி 4 மீட்டர் தெளிவு 40 புள்ளி, 2 மீட்டர் 50, 1 மீட்டர் 60, அரை மீட்டர் 70. புள்ளி ஏற ஏற ஏரி மோசம். ஐம்பதைத் தாண்டினால் ஊட்டம் மிகுந்த ஏரி, அதாவது பாசி கொழுக்கும் ஏரி. பாசியால் கலங்கிய நீருக்கு மட்டுமே இது பொருந்தும். மழைக்குப்பின் சேற்றால் கலங்கிய நாளின் எண்ணை இதில் போடாதீர்கள்.

ஆக்ஸிஜன்: விடியலில் அளக்க வேண்டியது

ஆக்ஸிஜனைப் பகலில் மட்டும் அளப்பதுதான் குழுக்கள் அதிகம் செய்யும் தவறு. பகலில் பாசி ஆக்ஸிஜனைத் தள்ளும், இரவில் அதுவே உறிஞ்சும். விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்தில் இருக்கும். மாதம் ஒருமுறையாவது சூரிய உதயத்துக்கு முன்பும் அதே நாள் பிற்பகலும் அளங்கள். 30 டிகிரி நீர் இயல்பாகக் கொள்ளும் ஆக்ஸிஜன் லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம், 20 டிகிரியில் சுமார் 9. பிற்பகலில் 30 டிகிரி நீரில் 13 என்று வந்தால் மகிழ வேண்டாம். பாசி மிகுந்துவிட்டது என்று பொருள்; அடுத்த விடியலில் 2 ஆக இறங்கலாம். 5-க்குக் கீழே மீன்கள் திணறத் தொடங்கும், 2-க்குக் கீழே பெரும்பாலானவை சாகும்.

விங்க்ளர் முறைப் பெட்டியை (மருந்துகளைச் சேர்த்து நிறமாற்றத்தால் ஆக்ஸிஜனை அளப்பது) பயன்படுத்தினால், பாட்டிலை நீருக்கடியிலேயே நிரப்பி அங்கேயே மூடுங்கள். ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு கூடிவிடும். முதல் இரண்டு மருந்துகளைச் சேர்த்ததும் பழுப்புப் படிவு வர வேண்டும். வெள்ளையாகவே இருந்தால் நீரில் ஆக்ஸிஜன் இல்லை. அமிலம் சேர்த்துக் கரைத்தபின் இருட்டில் வைத்துச் சில மணி நேரம் கழித்தும் முடிக்கலாம். மீதி மருந்தை ஏரியில் கொட்டாமல் தனி பாட்டிலில் சேர்த்து ஆய்வகத்திடம் ஒப்படையுங்கள். மின்கருவி என்றால் ஒவ்வொரு அளவீட்டு நாளும் ஈரக்காற்றில் அளவு திருத்தியாக வேண்டும்.

பாஸ்பரஸுக்கு மீன்தொட்டிச் சோதனைப் பெட்டியை நம்பாதீர்கள். 0.03 என்ற நுண்ணளவு அதன் வண்ண அட்டையில் தெரியாது, பூச்சியம் என்றே காட்டும். ஆண்டுக்கு நான்கு முறை ஆய்வகத்துக்கு அனுப்பி மொத்த பாஸ்பரஸைக் கேளுங்கள். ஆய்வகம் தரும் பாட்டிலையே பயன்படுத்தி, ஐஸில் வைத்து, அன்றே சேர்த்துவிடுங்கள். வீட்டு பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவினால் அந்தச் சோப்பிலேயே பாஸ்பேட் இருக்கக்கூடும்.

மழையில்லா நாளில் ஓடும் நீர்

இந்தப் பகுதிக்குத்தான் உங்கள் உழைப்பில் பாதி போக வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் மழை இல்லாதபோது கரையையும் வரத்துக்கால்களையும் முழுக்க நடந்து பாருங்கள். அப்போதும் நீர் ஓடும் ஒவ்வொரு குழாயும் சந்தேகத்துக்குரியது. ஊற்றாகவோ குடிநீர்க் கசிவாகவோ இருக்கலாம். மின்கடத்துத்திறன் மீட்டர் அதைப் பிரித்துக்காட்ட உதவும். கழிவுநீரில் உப்பு கூடுதல் என்பதால் எண் ஏறும். எல்லா ஊருக்கும் பொதுவான வரம்பு கிடையாது. உங்கள் குழாய்நீர், கிணற்றுநீர், ஏரிநீர் மூன்றையும் முதலில் அளந்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

சந்தேகக் குழாயில் பஞ்சு வைத்துப் பாருங்கள். வெளுக்கப்படாத பருத்திப் பஞ்சை வலைப்பையில் கட்டி, குழாய்க்குள் வெயில் படாதபடி நான்கைந்து நாள் தொங்கவிடுங்கள். எடுத்து அலசி, இருட்டில் உலர்த்தி, இருட்டறையில் புறஊதா விளக்கின் கீழே பாருங்கள். துணிசோப்பிலுள்ள வெளுப்புப் பொருள் பஞ்சில் ஏறியிருந்தால் நீலமாக ஒளிரும். பயன்படுத்தாத பஞ்சு ஒன்றை அருகில் வைத்து ஒப்பிடாமல் முடிவுக்கு வராதீர்கள். கடையில் கிடைக்கும் வெள்ளைப் பஞ்சு பெரும்பாலும் தானாகவே ஒளிரும். ஒளிராத பஞ்சை வைத்துக் குழாய் சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது, கழிவறை நீர் மட்டும் வரும் குழாயில் சோப்பு இருக்காது.

ஓட்டத்தையும் அளங்கள். சின்னக் குழாய்க்கு பக்கெட்டும் கடிகாரமும் போதும். வாய்க்காலில் 10 மீட்டர் தூரத்தைக் குறித்து, மிதக்கும் தக்கையை விட்டு நேரம் பாருங்கள். அகலம், சராசரி ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கி 0.85-ஆல் பெருக்குங்கள், மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாகப் போவதால் இந்தத் திருத்தம். அதிகாரிகளுக்கு மனு எழுதும்போது 'ஏரி நாசமாகிறது' என்று எழுதினால் கோப்பு நகராது. குழாயின் இடம், தேதி, நேரம், ஓட்டம், கடத்துத்திறன், படம் என்று ஒரே பக்க அட்டவணை கொடுங்கள். மூன்று வெவ்வேறு நாள்களின் எண்கள் இருந்தால் 'அன்று மட்டும் ஏதோ உடைப்பு' என்ற பதில் எடுபடாது.

குழாய்க்குள்ளோ சாக்கடைத் தொட்டிக்குள்ளோ யாரும் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு வாயு நொடிகளில் மயக்கமடையச் செய்யும்; காப்பாற்ற இறங்குபவரும் சாவார்.

வெங்காயத்தாமரை

சாதகமான சூழலில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும் செடி இது. விதைகள் சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரே நாள் மாபெரும் முகாம் போட்டு முக்கால்வாசியை எடுத்தாலும், மிச்சக் கால்வாசி ஒரு மாதத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். ஏரியை மிதவைக்கயிறு கட்டிப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியை ஒரு செடிகூட மிச்சமில்லாமல் முடித்தபின் அடுத்ததற்குப் போங்கள். காற்று செடிகளைக் கொண்டுவந்து ஒதுக்கும் கரையில் நின்று வேலை செய்தால் பாதி இழுவை மிச்சம். முடித்த பகுதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை படகில் சுற்றிக் குட்டிச்செடிகளைப் பொறுக்குங்கள். பூப்பதற்கு முன்பே எடுப்பது முக்கியம்.

எடுத்ததைக் கரையோரம் குவித்து வைத்தால் அழுகிய சாறு ஏரிக்கே திரும்பும். வெள்ளக்கோட்டுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள். செடியின் 95 சதவீதம் நீர்; ஒரு டன் ஈரச்செடியில் சுமார் 200 கிராம் பாஸ்பரஸ்தான் இருக்கும். முதலில் சொன்ன அந்தச் சின்னக் குழாயின் ஒருநாள் வரவை ஈடுகட்டவே இரண்டு டன் எடுக்க வேண்டும். குழாயை அடைக்காமல் செடியை மட்டும் அள்ளுவது ஏன் முடிவதில்லை என்பதற்கு இதுவே காரணம். தொழிற்சாலைக் கழிவு சேரும் ஏரியென்றால் செடியில் கன உலோகங்கள் ஏறியிருக்கும். அதைத் தீவனமாகவோ காய்கறி உரமாகவோ கொடுக்காதீர்கள். களைக்கொல்லி தெளித்தால் மொத்தச் செடியும் நீரிலேயே அழுகி ஆக்ஸிஜனைக் குடித்துவிடும்.

அள்ளும் ஆர்வத்தில் நீருக்குள் மூழ்கி வளரும் கொடிகளையும் வழித்துவிடக் கூடாது. ஆழமற்ற ஏரியில் அவைதான் சேற்றைப் பிடித்துவைத்து நீரைத் தெளிவாக வைத்திருக்கின்றன. அவை போனால் அந்த இடத்தைப் பாசி பிடிக்கும், மீட்பது கடினம். கரையோரக் கோரை, நாணலும் அப்படியே. சம்பு மட்டும் பரவி வழியை அடைத்தால் மதகு, வரத்துவாய் அருகே வெட்டலாம்.

நீரில் இறங்குபவர்கள் மார்பளவு நீர் என்றாலும் மிதவை அங்கி போட வேண்டும். கொடிகளில் கால் சிக்கினால் நீச்சல் உதவாது. ரப்பர் பூட்ஸ், கையுறை கட்டாயம். காலில் காயம் உள்ளவர் கரைவேலை பார்க்கட்டும், எலிக்காய்ச்சல் காயத்தின் வழியாகத்தான் எளிதில் ஏறும்.

பச்சைப் படலம் தெரிந்தால்

குச்சியால் எடுத்துப் பாருங்கள். நார்நாராக மேலே வந்தால் இழைப்பாசி, தொல்லைதான், பொதுவாக நஞ்சில்லை. பச்சைப் பெயிண்ட் போல் குச்சியில் ஒட்டி வழிந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். உறுதிப்படுத்த, கையுறையோடு ஒரு கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவு நீர் மொண்டு, அசைக்காமல் ஓர் இரவு வையுங்கள். பச்சை அடியில் படிந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. மேலே வளையமாக மிதந்தால் பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. அதன் செல்களில் காற்றறைகள் உண்டு. அப்படியானால் கால்நடைகளும் குழந்தைகளும் இறங்காதபடி அன்றே தடுங்கள். கொதிக்கவைத்தால் நஞ்சு போகாது.

இந்த நேரத்தில் நுண்ணுயிர்ப் பொடி, பந்து என்று யாராவது விற்க வருவார்கள். உள்வரவு நிற்காத ஏரியில் அதற்குச் செலவிடாதீர்கள். கொசு ஒழிக்க கம்பூசியா மீன் விடுவதும் வேண்டாம். பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களையும் உள்ளூர் மீன் முட்டைகளையும் அது காலிசெய்யும்.

மீன்கள் செத்து மிதந்தால்

அப்புறப்படுத்தும் முன் அளங்கள். ஆக்ஸிஜன், வெப்பநிலை, கார அமில நிலை மூன்றும் அந்த நேரத்திலேயே வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் ஆக்ஸிஜன் ஏறிவிட்டால் காரணம் மறைந்துவிடும். எந்தெந்த இனம், என்ன அளவு என்று எழுதிப் படமெடுங்கள். ஆக்ஸிஜன் குறைவில் பொதுவாகப் பெரிய மீன்கள் முதலில் சாகும், மிச்சமிருப்பவை நீர்மட்டத்தில் வாய்பிளந்து நிற்கும். சிறிதும் பெரிதும் ஒருசேர, அதுவும் ஒரு வரத்துவாய் அருகே மட்டும் செத்திருந்தால் நஞ்சைச் சந்தேகியுங்கள். அந்த வாயிலும் எதிர்க்கரையிலும் ஒவ்வொரு லிட்டர் நீர், செத்துச் சிறிது நேரமே ஆன, செவுள் இன்னும் சிவந்திருக்கும் இரண்டு மூன்று மீன்கள், இவற்றை ஐஸில் வைத்து, இடம், நேரம் எழுதிய சீட்டு ஒட்டி, அன்றே ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். பிறகு செத்த மீன் அனைத்தையும் மாலைக்குள் அள்ளிக் கரைக்கு வெளியே புதைத்துவிடுங்கள். அழுகவிட்டால் அவை மீதி ஆக்ஸிஜனையும் குடித்து, மறுநாள் விடியலில் அடுத்த தொகுதியைச் சாகடிக்கும்.